மதினி எழுதிய பதினொரு வரிகள்

எஸ்டேட் முதலாளி கையோடு கொண்டுவந்த சாக்கைப் பிரித்து, எங்கள் அலுவலக மேஜைமேல் அப்படியே கவிழ்த்தார். கருகிய ஏலக்காய்கள் உருண்டோடிக் கீபோர்டின் இடுக்குகளில் விழுந்தன. நன்றாகக் காய்ந்த காய் பச்சை மாறாமல் இருக்கும். அள்ளிக் குலுக்கினால் உள்ளே ஏலரிசி கிலுகிலுக்கும். இவையோ பழுப்பும் மஞ்சளுமாக வாய் பிளந்து கிடந்தன. மணம் இருந்தது. ஆனால் அது அடுப்பில் வைத்து மறந்துபோன பாயசத்தின் வாடை.

“இது ஏலத்துக்குக் கொண்டுபோற காயா? நீங்களே சொல்லுங்க” என்று அவர் என் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் தன் மனைவியை, என் மதினியை, பார்த்தார். மதினி ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்து, மறுபடி மேஜைமேலேயே வைத்தார். அந்த அறையில் இருந்த நான்கு பேரில், காய் ஏன் கருகியது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். முந்தின நாள் சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே எஸ்டேட்டுக்குச் சாமான் ஏற்றிய ஜீப்பு ஒன்று பின்னால் வர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏதோ அதை ஒழுங்குபண்ணுவதுதான் என் சோலி என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் என்னைப் பற்றித்தான் வருகிறது.

போடியில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அண்ணனின் தொழில் நடக்கிறது. மலைமேல் ஏலத் தோட்டங்களில் பறித்த காயைக் காயவைக்கும் அறையை ‘ஸ்டோர்’ என்பார்கள். அடுக்கடுக்கான தட்டுகளில் பச்சைக் காயைப் பரப்பி, விறகு அடுப்பின் சூட்டைக் குழாய் வழியாக உள்ளே விட்டு, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டும். சூடு குறைந்தால் காய் பூசணம் பிடிக்கும், கூடினால் நிறம் போய் வெடித்துவிடும். அந்தச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் பெட்டிதான் எங்கள் சரக்கு. அறைக்குள் நான்கு மூலைகளில் நான்கு சென்சார்கள். அவை சொல்லும் சூட்டைப் பெட்டி கேட்டு, சராசரி எடுத்து, அடுப்பின் விசிறியைக் கூட்டும், குறைக்கும், விறகு போடச் சொல்லி மணி அடிக்கும். அண்ணன் விற்கிறவர், பேசுகிறவர். பெட்டியைச் செய்தவர் மதினி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். சர்க்யூட்டை வரைந்ததும் அவர்தான், அதற்குள் ஓடும் நிரலை (பேச்சில் ‘கோடு’ என்போம்) ஒவ்வொரு வரியாகக் கையால் எழுதியதும் அவர்தான். பெட்டி பொருத்திய ஸ்டோர்களுக்கெல்லாம் ஜீப்பில் போய், முதல் லோடு காய்ந்து இறங்கும்வரை அங்கேயே இருந்துவிட்டு வருவார். திரும்பி வரும்போது புடவையில் விறகுப் புகையும் ஏலமும் கலந்து மணக்கும்.

நான் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் பல வருஷம் நிரல் எழுதிக்கொண்டிருந்தவன். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது, ‘கொஞ்ச நாளைக்கு’ என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். வேலை போய் வந்தவன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லாததாலேயே, நான் எவ்வளவு பெரியவன் என்று காட்ட வேண்டும் என்ற அரிப்பு எனக்கு இருந்தது. அதற்கு அகப்பட்டது மதினியின் நிரல்.

அதைத் திறந்த முதல் நாளே எனக்குள் ஒரு இளக்காரம் வந்துவிட்டது. பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக இருந்தன: சூடு, ஈரம், விசிறி, மூலை ஒன்று, மூலை இரண்டு. ஒரே வேலையைச் செய்யும் துண்டுகள் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருந்தன. ஆனால் அது ஓடியது. மழையிலும் மின்சாரம் போய்ப் போய் வரும் மலையிலும் வருஷக்கணக்காக ஓடியது. அதை நான் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மாற்றம் தேவைப்பட்டது என்பதும் உண்மைதான். பழைய சென்சார் கிடைப்பது நின்றுபோய், மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் சென்சார்களை வாங்க வேண்டியிருந்தது. சென்சாரும் பெட்டியும் பேசிக்கொள்ள ஒரு ஒப்பந்தம் உண்டு. எந்த எண் முதலில் வரும், எது அடுத்து வரும், பேச்சு எங்கே முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத்தான் புரோட்டோகால் என்கிறோம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு புரோட்டோகால். ஒவ்வொன்றுக்கும் மதினி தனித்தனியாகக் கையால் எழுதிக்கொண்டிருந்தால் காலம் போதாது. நான் வேறு வழி சொன்னேன். அந்த ஒப்பந்தத்தை ஒரு சின்னக் கோப்பில் விவரித்துக் கொடுத்தால், அதைப் படித்து முழு நிரலையும் தானே எழுதித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஒரு பட்டனைத் தட்டியதும் ஆயிரக்கணக்கான வரிகள் வந்து விழுந்ததை அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கோப்பின் தலையிலேயே, ‘இது இயந்திரம் எழுதியது, கையால் திருத்தாதே’ என்று அந்தக் கருவி எழுதிவைத்திருந்தது. அந்த வரியை நான் ஒரு சான்றிதழ்போல வாசித்துக் காட்டினேன்.

மதினி கருவியை எதிர்க்கவில்லை. சந்தோஷப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். “நல்லதாப் போச்சு தம்பி. இந்த எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கிற வேலை மிச்சம்” என்றார். பிறகு, தான் எழுதியதில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று பார்க்க என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அந்தப் பதினொரு வரிகள் திரைக்கு வந்தன. அவற்றுக்கு மேலே, வழக்கம்போல ஆங்கில எழுத்துத் தமிழில், ஒரு குறிப்பு: ‘சென்சார் பேசலைன்னா பயப்படு.’

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெட்டிகளுக்கு ஒயர் பூட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி அதைப் படித்துக் காட்டினேன். “பெங்களூர்ல இப்படி எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா மதினி?” என்றேன். மதினியும் சிரித்தார். அவர் காது மட்டும் சிவந்துபோயிருந்தது. “இல்ல தம்பி, காய் போட்ட மொத நாலஞ்சு மணி நேரம் ரூம்புக்குள்ள ஒரே ஆவியா நிக்கும். அந்த ஈரத்துல ஒயர் சேருற எடம் நனைஞ்சு, சென்சார் பேசாமப் போயிரும். ஸ்டோர்ல இருக்கிற அண்ணன்தான் எனக்குக் காட்டுச்சு. அதுக்காகத்தான் போட்டேன். இத மட்டும் எடுத்துராதீங்க” என்றார். “பாத்துக்கிறேன்” என்றேன். அந்தச் சொல்லில் எவ்வளவு கவனம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பதினொரு வரிகள் செய்தது இவ்வளவுதான்: எத்தனை சென்சார் பதில் சொன்னது என்று எண்ணும். பதில் சொன்னவற்றுக்கு மட்டும் சராசரி எடுக்கும். மூன்றுக்குக் குறைவாகப் பதில் வந்தால் விசிறியை நிறுத்திவிட்டு, சைரன் அடித்து ஆளைக் கூப்பிடும்.

அந்த வாரத்தில் பொட்டிபுரத்தில் மதினியின் அம்மா வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மதினி பத்து நாள் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று. பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னிடம், “நான் வந்ததும் மேல போயி ஒரு லோடு ஓட்டிப் பாத்துட்டு மாத்துவோம் தம்பி. அதுவரைக்கும் பழசே ஓடட்டும்” என்றார். சரி என்றேன். அவர் போன நான்காவது நாள் நான் மாற்றிவிட்டேன். அவர் இல்லாதபோதே முடித்துக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர அவசரம் எதுவும் இல்லை. மதினியின் பழைய கோப்பை முழுசாகத் தூக்கிவிட்டு, இயந்திரம் எழுதியதை அந்த இடத்தில் வைத்தேன். பதினொரு வரிகளும் அதோடு போயின. மேஜைமேல் நான்கு சென்சார்களை வைத்துச் சோதித்தேன். மின்விசிறிக் காற்றில், உலர்ந்த ஒயரில், நான்கும் நன்றாகப் பேசின. சோதனையெல்லாம் பச்சை காட்டியது. இங்கே இருந்தபடியே மலைமேல் இருக்கும் பெட்டிகளுக்குப் புது நிரலை அனுப்பினேன். ஏலத் தோட்டத்து ஸ்டோர் ஒன்றுக்குள்ளேகூட நான் அதுவரை காலடி வைத்ததில்லை.

அந்தக் கருவியின் கையேட்டில் ஒரு வரி உண்டு. ஒரு எண் வந்து சேராவிட்டால் அந்த இடத்தில் சுழியம் இருக்கும். உண்மையில் வந்ததா இல்லையா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு என்பது அதன் சாரம். இயந்திரம் எதையும் மறைக்கவில்லை. அந்த வரியை நான் பெங்களூரிலேயே பலமுறை படித்திருக்கிறேன்.

மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைக்குப் போகிற வழியில் இருக்கும் தோட்டத்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் பேசினார். மதினி ‘ஸ்டோர்ல இருக்கிற அண்ணன்’ என்று சொன்னவர் அவர்தான். ராசிங்காபுரத்துக்காரர், மனைவியோடு எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தார். அன்று நடந்த பேச்சு எனக்கு வார்த்தை மாறாமல் நினைவில் இருக்கிறது.

“தம்பி, தங்கச்சி இல்லீகளா?”

“ஊருக்குப் போயிருக்காங்கண்ணே. என்ன விசயம்?”

“ரூம்புக் கதவத் தொறந்தா அனலு மூஞ்சியில அடிக்குது தம்பி. தட்டுல கைய வைக்க முடியல. பெட்டி இருபத்தாறுங்குது. இன்னும் வெறகு போடு, வெறகு போடுன்னு மணி வேற அடிக்குது. நான் விசிறிய அமத்திரவா?”

“வேணாண்ணே. அது நாலு எடத்துல பாத்துச் சொல்ற கணக்கு. கைய வச்சுப் பாத்து நிறுத்திராதீங்க. புது கோடு போட்டிருக்கேன், பழசு மாதிரி கெடையாது. பெட்டி சொல்றபடி விடுங்க.”

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “சரிங்க தம்பி. படிச்சவக நீங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஏதோ உறுத்தியது. பெட்டி அனுப்பியிருந்த பதிவுகளைத் திறந்து பார்த்தேன். மூலை ஒன்று, ஐம்பத்திரண்டு. மூலை இரண்டு, ஐம்பத்திரண்டு. மூலை மூன்று, சுழியம். மூலை நான்கு, சுழியம். ஈரத்தில் இரண்டு சென்சார்கள் வாயடைத்துப்போயிருந்தன. பெட்டி அந்த இரண்டு சுழியங்களையும் சூடு என்றே எடுத்துக்கொண்டு நான்கால் வகுத்து, அறை இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது என்று நினைத்து, அடுப்பை மேலும் மேலும் ஊதச் சொல்லியிருக்கிறது. கீழே இறங்க இறங்க முதல் இரண்டு மூலைகளின் எண்கள் ஏறிக்கொண்டே போயின. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. எஸ்டேட்டுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணாமல், மதினியின் பதினொரு வரிகளைப் பழைய சேமிப்பிலிருந்து தேடி எடுத்து, புது நிரலுக்குள் ஒட்டி, எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பினேன். மாற்றத்துக்கு ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ‘சிறு திருத்தம்’ என்று எழுதினேன்.

மறுநாள் காலையில்தான் முதலாளி சாக்கோடு வந்தார். செய்தி கேட்டு மதினியும் பொட்டிபுரத்திலிருந்து முதல் பஸ்சுக்கு வந்திருந்தார்.

“ஸ்டோர்ல இருக்கிறவன் அடுப்பப் போட்டுட்டு மத்தியானம் படுத்துத் தூங்கிட்டான். கேட்டா, பெட்டிதான் அப்படிக் காட்டுச்சு, போடிக்குப் போன் பண்ணேன், அங்க விடச் சொன்னாகன்னு சாதிக்கிறான்” என்றார் முதலாளி. பிறகு நேராக என்னைப் பார்த்தார். “போன் வந்துச்சா தம்பி?”

இந்த ஒரு இடத்தை நான் எத்தனையோ முறை மனசுக்குள் திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாளி கத்தியிருப்பார். அண்ணன் முகம் சுண்டியிருக்கும். பெங்களூரிலிருந்து வந்தவன் சாயம் வெளுத்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ அன்றைக்கு எனக்கு மலையளவு இருந்தது.

“வந்துச்சுங்க” என்றேன். “ஆனா சிக்னல் சரியில்ல. என்ன சொன்னாருன்னே சரியாக் கேக்கல.”

மலைமேல் சிக்னல் சரியில்லை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். மதினி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலாளி கீழே இறங்கிப் போனதும் அண்ணன் மதினிமேல் பாய்ந்தார். “உன் பழைய கோடுதான் எங்கயோ இடிக்குது. எத்தன தடவ சொல்றேன், முழுசா அவன்கிட்ட விட்ருன்னு. மலைக்கு மலை ஏறி எறங்குனா மட்டும் போதுமா?” கடையிலிருந்து டீ வந்திருந்தது. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். மதினி மேஜையில் கிடந்த காய்களை ஒரு தாளில் வழித்துக் கூட்டினார். கீபோர்டைத் தலைகீழாகத் தட்டி உள்ளே விழுந்தவற்றையும் எடுத்தார்.

மூன்றாம் நாள் அண்ணன் தேனிக்குப் போயிருந்தார். மதினி பெட்டி ஒன்றைத் திறந்து வைத்து ஒயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

“நான் ஊருக்குப் போன நாலாம் நாளு அந்தப் பதினொரு வரியும் போயிருக்கு. காய் கருகுன அன்னிக்குச் சாயங்காலம் திரும்பி வந்திருக்கு. ‘சிறு திருத்தம்’னு எழுதியிருக்கீங்க.”

யார், என்றைக்கு, எந்த வரியைத் தொட்டார்கள் என்பதை நிரல் சேமிப்பு ஒன்றுவிடாமல் குறித்துவைத்திருக்கும். அது எனக்குத் தெரியாதா? மதினி அதையெல்லாம் போய்ப் பார்க்க மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

“பதில் வரலைன்னா அது சைபர் இல்ல தம்பி. பதில் வரலை. அத மட்டுந்தான் அதுல எழுதியிருந்தேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். “அந்த அண்ணன வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. காலையில எனக்குப் போன் பண்ணுச்சு. ‘தம்பிகிட்ட வெளக்கமாச் சொன்னேன் தங்கச்சி, பெட்டி சொல்றபடி விடுன்னாரு’ன்னு சொல்லுது. அப்படிச் சொன்னீங்களா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“நல்லாக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மதினி.”

அவர் ஈயம் பற்றவைக்கும் கோலை அதன் தாங்கியில் வைத்தார். “நான் உங்கண்ணன்கிட்ட சொன்னா கோள் சொன்னதா ஆயிரும். மொதலாளிகிட்ட நான் போய்ச் சொன்னா, தான் எழுதுன கோட்டக் காப்பாத்த இந்தப் பொம்பள பேசுதும்பாரு. நீங்கதான் சொல்லணும். வெரசாச் சொல்லுங்க தம்பி, அந்த அண்ணன் வேற எடத்துல வேலைக்குக்கூடப் போக முடியாது. தூங்கிக் காயக் கருக்குன ஆளுன்னு மலை பூரா சொல்லிருவாங்க.”

வெரசாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. முதலாளி ஊரில் இல்லை என்று ஒரு வாரம் போனது. பறிப்பு மும்முரம், இப்போது போய்ப் பேசினால் நல்லா இருக்காது என்று இரண்டு வாரம். காய்ச்சல் என்று நாலு நாள். உண்மையிலேயே காய்ச்சல்தான், அது வந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. மதினி அதற்குப் பிறகு ஒருதரம்கூட என்னிடம் கேட்கவில்லை. சோறு போட்டார், வேலையைப் பற்றி வழக்கம்போலப் பேசினார், அண்ணன் ‘பழைய கோடு’ என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எழுந்து போனார். நான் கூடத்தில் இருக்கும்போது அவர் எழுந்து போகும் அந்தக் காலடிச் சத்தம்தான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது.

கடைசியில் முதலாளியை அவருடைய கிடங்கில் போய்ப் பார்த்தேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழாமல் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று பார்த்தேன், அவர் நகரவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நிரலில் எடுத்த வரிகள், இரண்டு சுழியங்கள், தெளிவாகக் கேட்ட போன். அடிப்பாரோ என்றுகூடப் பயந்திருந்தேன். அவர் கேட்டுவிட்டு, “அட, விடுங்க தம்பி. வேற ஆளு போட்டாச்சு. இனிமே பெட்டியில அப்படி வராதுல்ல?” என்றார். வராது என்றேன். “அப்பறம் என்ன” என்று சொல்லிவிட்டுப் போன் பேசப் போய்விட்டார். காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது.

அண்ணனிடம் அன்று மதியமே சொன்னேன். அவர் காயைப் பற்றியோ கம்பெனி பெயரைப் பற்றியோ பேசவில்லை. “உன் மதினிய நான் வைஞ்சப்ப நீ அங்கதானடா டீ குடிச்சுக்கிட்டு நின்ன?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ‘பழைய கோடு’ என்ற பேச்சு அதன்பிறகு வரவில்லை.

இப்போதும் இயந்திரம் எழுதிய கோப்புதான் எங்கள் பெட்டிகளில் ஓடுகிறது. அதில் ஒரு எழுத்தைக்கூட நாங்கள் தொடுவதில்லை. தொட்டால் அடுத்த முறை கருவி எழுதும்போது நாம் எழுதியது அழிந்துபோகும். அதற்கும் மற்ற நிரலுக்கும் நடுவே மதினி தனியாக ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கிறார். உள்ளே வருகிற ஒவ்வொரு எண்ணையும், நீ உண்மையிலேயே வந்தாயா என்று கேட்டுத்தான் அது உள்ளே விடும். நான் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான். அரை நாள் வேலை. புது நிரல் எதுவானாலும் இப்போது முதலில் மேலே போய், ஆவி நிற்கும் ஸ்டோருக்குள் ஒரு லோடு முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். பெரும்பாலும் நான்தான் போகிறேன். போகும்போதெல்லாம் அந்தத் தோட்டத்து வாசலைத் தாண்டித்தான் ஜீப்பு போகிறது. அந்த இடம் வரும்போது டிரைவரிடம் எதையாவது பேச ஆரம்பித்துவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

வேலை போன அந்த ஸ்டோர்க்காரரைப் பார்க்க ராசிங்காபுரத்துக்குப் போனதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். எழுதக் கூசுகிறது.

அண்ணனிடம் சொன்னதற்கு மறுநாள் பைக்கில் போனேன். மதினியிடம் வழி கேட்டபோது, “நம்ம கம்பெனிக்கே வரச் சொல்லுங்க. பெட்டி மாட்டப் போற எடத்துக்கெல்லாம் அந்த அண்ணன் மாதிரி ஒரு ஆளு வேணும்” என்று சொல்லி அனுப்பினார். ஸ்டோர்க்காரரின் வீடு ஊரின் மேல்கோடியில் இருந்தது. தென்னந்தோப்பில் காய் உரிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். உள்ளங்கையெல்லாம் நார்க் கறை. நேரில் அவரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட ஒல்லியானவர். யாரென்று சொன்னதும் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். போன் நன்றாகக் கேட்டது, நீங்கள் சொன்னதுதான் சரி, தப்பு முழுக்க என்னுடையது, முதலாளியிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லையும் சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே பொருந்தாத சட்டைபோல இருந்தது.

அவர் கையிலிருந்த கறையைச் சுரண்டினார். “எனக்கு உங்க மேல வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன் தம்பி. இருந்துச்சு. ஆனா அதவிட, பன்னெண்டு வருசமா ஸ்டோர்ல நிக்கேன், கைய வச்சா என்ன சூடுன்னு சொல்லிருவேன். அன்னிக்கு என் கைய நம்பாம உங்க பேச்ச நம்பி நின்னுட்டேனே. கண்ணு முன்னால காய் வெடிக்குது, நான் மணி அடிக்க அடிக்க வெறகத் தள்ளிக்கிட்டு இருக்கேன். அத நெனச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு.”

நான் வெட்கப்பட வேண்டியதற்கு அவர் ஏழு வாரமாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மதினி சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். “தங்கச்சி நல்ல புள்ள. ஆனா வேணாம் தம்பி. பெட்டி இருக்கிற எடத்துக்கு இனிமே மனசு போகாது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒரு உதவி மட்டும் செய்றீகளா?” என்று கேட்டார்.

“சொல்லுங்கண்ணே.”

“இப்பச் சொன்னத என் வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவ சொல்லிருங்க. அவ நான் தூங்கிட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கா. மொதலாளியே வந்து சொன்னாருல்ல. நான் சொல்லிப் பாத்தேன், எடுபடல.”

நான் சரி என்பதற்குள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அந்த அம்மா மாவுக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றார். அந்த வீட்டில் இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை மூன்று பேரிடம் சொல்லிவிட்டதால், சொல்லிப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை. “தூங்கவே இல்லம்மா. போன் பண்ணிக் கேட்டாரு. நான்தான் நிறுத்த வேணாம்னு சொன்னேன்” என்று முடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “சொன்னியேயா” என்றார். “அன்னிக்கு ராவு பூரா சொன்னியே. நாந்தான் எங்கப்பன் மாதிரியே இந்தாளும் பொய் சொல்லுதுன்னு…” மாவுக் கையை முந்தானையில் துடைத்தார். துடைத்ததையே மறந்து மறுபடி துடைத்தார். அவர் புருஷன் தலையைக் குனிந்தபடி, “விடு, விடு” என்றார்.

அந்த அம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை குறையவில்லை.

“நீங்க கெளம்புங்க தம்பி” என்றார். “நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசணும்.”

பைக்கை ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் கேட்குமே என்று, தெரு முக்குவரை அதைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.